மரமா, சோறா?

"மரம் வேண்டுமா, சோறு வேண்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பசித்தவன் பக்கம் நிற்கப் பழகிய நமக்குச் "சோறு!" என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். தோன்றுவதில் தவறில்லை. ஆனால், தோழர்களே, விடை கூறுமுன் கேள்வியைக் கேட்பவர் யார், எந்த வேளையில் கேட்கிறார், எதை மறைத்துக்கொண்டு கேட்கிறார் என்று பார்ப்பதன்றோ பகுத்தறிவாளர் கடன்! இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று சொல்பவர், மூன்றாவதொன்றைத் தம் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

இந்தக் கேள்வி வெறும் கற்பனையன்று. அமெரிக்க நாட்டின் மேலைக் கடற்கரையில், கலிபோர்னியா மாநிலத்தின் வடகோடியில், 1977ஆம் ஆண்டு இது தெருவில் முழங்கிற்று. தலைநகர்வரை லாரிகளில் ஊர்வலமாகவே சென்றது. ஒரு தேசியப் பூங்காவின் எல்லையைச் சட்டமியற்றி விரிவாக்குவதா, கூடாதா என்பதே வழக்கு. வாதிகள் பலர், பிரதிவாதிகள் பலர், சாட்சி சொல்ல வாயில்லாத மரங்கள் நடுவே நின்றன. வழக்கின் கதையைக் கேட்பீர். நீதியைப் பிறகு ஆராய்வோம்.

ரெட்வுட் என்பது அந்த மரத்தின் பெயர். நம் ஊரார் செம்மரம் என்று சொல்லும் மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. கடற்கரையை ஒட்டி, ஆரிகான் மாநிலத்தின் தென்முனையிலிருந்து கலிபோர்னியாவின் நடுப்பகுதிவரை, ஒடுங்கிய ஒரு பட்டையில் மட்டுமே இது இயற்கையாக வளர்கிறது. கோடையில் மழை இல்லை. கடலிலிருந்து எழும் மூடுபனியே அதற்குத் தண்ணீர். உயரம் 300 அடியைத் தாண்டும். வயது? முதியவற்றுள் சில 2,000 ஆண்டுகளைக் கடந்தவை. ரோமப் பேரரசு எழுந்ததையும் விழுந்ததையும், அதைப்பற்றி எதுவும் அறியாமலே, கடந்து நின்றவை! ஆனால் இத்தனை பெரிய மரத்துக்கு ஆணிவேர் இல்லை. வேர்கள் ஆழம் போவதில்லை. அகலப் பரவி, அண்டை மரத்தின் வேரோடு பின்னிக்கொண்டு நிற்கின்றன. தனித்து நிற்கும் வீரனல்ல ரெட்வுட். தோழரின் கைபிடித்து நிற்கும் தொண்டன்.

ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் பரப்பில் இருந்தது அந்தக் காடு. 1848இல் கலிபோர்னியாவில் பொன் கிடைத்தது. பொன்னைத் தேடி மக்கள் வந்தனர். மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பலகை வேண்டியிருந்தது. கோடரி வந்தது. பின்னர் நீராவி எந்திரம் வந்தது. அதன் பின்னர் சங்கிலி இரம்பமும் மண்தள்ளும் எந்திரமும் வந்தன. இன்று பழங்காட்டில் எஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. மிச்சத்தையேனும் காப்போம் என்று 1918இல் ஒரு கழகம் கண்டனர். நன்கொடை திரட்டித் தோப்புத் தோப்பாக விலைக்கு வாங்கினர். மாநில அரசும் பூங்காக்களை அமைத்தது. ஆனால் நாடு முழுவதற்கும் உரிய தேசியப் பூங்கா அமைய, 1968 அக்டோபர் 2ஆம் நாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்றுதான் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். 58,000 ஏக்கர், பூங்கா என்று அறிவிக்கப்பட்டது.

வெற்றி என்று முழங்கினர். என்ன வெற்றி, எத்தகைய வெற்றி என்று பார்த்தால், சிரிப்பதா அழுவதா என்று தெரியாது! காட்டின் நடுவே ரெட்வுட் ஓடை என்றொரு சிற்றாறு ஓடுகிறது. அதன் கரையில்தான் அந்நாளில் உலகிலேயே உயர்ந்தவை எனக் கருதப்பட்ட மரங்கள் நின்றன. அவற்றைப் பூங்காவுக்குள் கொண்டுவர வேண்டும். மர நிறுவனங்களின் மனமும் நோகக்கூடாது. அரசின் பணமும் அதிகம் செலவாகக்கூடாது. என்ன செய்தனர்? ஓடையின் இருகரையையும் ஒட்டி, ஏறத்தாழ அரை மைல் அகலத்தில், நீளமாக ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் பூங்காவோடு சேர்த்தனர். வரைபடத்தில் அது நெளிந்து கிடந்த தோற்றத்தைக் கண்டு மக்கள் அதற்கு இட்ட பெயர், "புழு"! பள்ளத்தாக்கின் அடிமட்டும் பூங்கா. இருபுறத்து மலைச்சரிவும் தனியார் உடைமை.

சட்டம் கோடு கிழித்தது. மழை அந்தக் கோட்டைப் படித்ததா? சரிந்த மண் அந்த எல்லைக்கல்லைக் கண்டு திரும்பிப் போயிற்றா? மேலே மொட்டையடிக்கப்பட்ட மலை. அதைப் பிடித்து வைத்திருந்த வேர்கள் மடிந்தன. மரக்கட்டைகளை இழுத்துச் சென்ற தடங்கள் சரிவெங்கும் கீறலாகக் கிடந்தன. மாரியில் பெருமழை பெய்தது, மண் சரிந்தது, ஓடையில் இறங்கியது. ஓடையின் படுகை மேடாயிற்று. மேடான ஓடை பக்கவாட்டில் கரையை அரித்தது. கரையில் நின்ற மாமரங்களின் ஆழமற்ற வேர்களுக்கு ஆபத்து நெருங்கிற்று. ஒரு மரத்தைக்கூடத் தொடாமல், சட்டத்தின் ஓர் எழுத்தைக்கூட மீறாமல், பூங்காவை அழிக்க முடியும் என்று மெய்ப்பிக்கப்பட்டது!

இதிலே ஒரு பேருண்மை இருக்கிறது. விளைவைக் காக்க விரும்புவோர் காரணத்தைக் காக்காமல் விட்டால், அவர் காத்தது எதுவுமில்லை. ஓடைக்கரை மரம் விளைவு. மலைச்சரிவின் மண்ணுறுதி காரணம். நோயாளியின் நெற்றியில் பற்றுப்போட்டுவிட்டு, அவன் குடிக்கும் நீரில் நஞ்சு கலக்க உரிமம் வழங்குவது மருத்துவமா? 1968ஆம் ஆண்டுச் சட்டம் மலையைப் பார்க்கவில்லை. மன்றத்தில் இருந்தோரின் முகத்தைப் பார்த்தது. பேரத்தில் பிறந்த எல்லைக்கு அறிவியல் தெரியாது.

வழக்கு மன்றம் ஏறினர் இயற்கைக் காவலர்கள். மேலே நடப்பதைத் தடுக்கவேண்டிய கடமை உள்துறைக்கு உண்டு என்று 1974இலும் 1975இலும் மன்றம் கூறிற்று. ஆனால் 1976இல், அமைச்சரால் ஆனதை அவர் செய்துவிட்டார், இனிப் பணமும் அதிகாரமும் தரவேண்டியது சட்டமன்றமே என்று முடிவாயிற்று. பந்து மக்களின் பேராளர்கள் கைக்கு வந்தது. நல்லதே! காடு யாருக்கு என்ற கேள்வி, கோப்புகளுக்கிடையே முடிந்துபோகாமல், மக்கள் மன்றத்தின் நடுவே வைக்கப்பட்டது. சான்பிரான்சிஸ்கோ நகரின் உறுப்பினர் பிலிப் பர்ட்டன் அதைக் கையிலெடுத்தார். உழைப்பாளர் சங்கங்களோடு நெருங்கிப் பழகியவர் அவர். இந்த உண்மையை மனத்திற்கொள்க, பின்னால் பயன்படும்.

இப்போதுதான் எழுந்தது அந்தக் கேள்வி. மரமா, சோறா?

எழுப்பியவர்கள் யார்? மரம் வெட்டிப் பிழைத்த தொழிலாளர்கள். அவர்களை நாம் ஏளனம் செய்யப் போவதில்லை. ஈரக்காட்டில், உருளும் கட்டைகளுக்கிடையே, உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்கள். தந்தையும் பாட்டனும் அதே தொழில் செய்தவர்கள். எல்லை விரிந்தால் அறுவை ஆலை மூடும். ஆலை மூடினால் அடுப்பு அணையும். 1977இல் அவர்கள் ரெட்வுட் கட்டையிலேயே பல டன் எடையுள்ள ஒரு நிலக்கடலையைச் செதுக்கினர்; லாரியில் ஏற்றினர்; ஒரு கண்டத்தையே கடந்து வாஷிங்டன் சென்றனர். அன்றைய குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கடலை விளைவித்த உழவர். ஆங்கிலத்தில் அற்பத்தொகையையும் "கடலை" என்பர். உமக்கு அற்பம், எமக்கு வேலை என்பதே அந்தக் கடலை சொன்ன செய்தி. வெள்ளை மாளிகை அந்தப் பரிசை ஏற்கவில்லை. கடலை ஊர் திரும்பியது. ஓரிக் என்னும் சிற்றூரின் சாலையோரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

அந்தக் கடலையைக் கண்டு நகைத்தவர்கள் உண்டு. நமக்கு நகைக்க மனம் வராது. ஏனெனில், காட்டைக் கண்டு களிக்க வருபவன் எங்கோ ஒரு நகரில் நல்ல சம்பளத்தில் இருப்பவன். காட்டைக் காக்க விலை கொடுப்பவன் கைத்தொழிலாளி என்றால், அது இயற்கைப் பற்றா, வர்க்கக் கொடுமையா? அழகை ஒருவன் அனுபவிக்க, அதற்கான கட்டணத்தை இன்னொருவன் வயிற்றிலிருந்து வசூலிப்பதா? இந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்லும் எந்த அறமும் அறமாகாது.

ஆயினும், இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆகவேண்டும். அந்தத் தொழிலாளியின் வேலையைப் பறித்தது பூங்கா மட்டும்தானா? பத்துப் பேர் செய்த வேலையை ஓர் எந்திரம் செய்யத் தொடங்கியபோது, எவரும் தலைநகருக்குக் கடலை அனுப்பவில்லை. பழங்காடு முடிந்ததும் ஆலையும் முடியும் என்பதை முதலாளியின் கணக்கேடு முன்னரே அறியும். 2,000 ஆண்டில் வளர்ந்ததை நூற்றிருபது ஆண்டில் வெட்டித் தீர்த்தால், அடுத்த தலைமுறைத் தொழிலாளி எதை வெட்டுவான்? இன்று பூங்கா வேண்டாம் என்றிருந்தாலும், சில ஆண்டுகளில் மரமும் இராது, வேலையும் இராது. இலாபம் மட்டும் எங்கோ ஒரு வங்கியில் பத்திரமாக இருக்கும். மரம், சோறு என்ற இரண்டை மட்டும் காட்டியவர்கள் பைக்குள் போட்டுக்கொண்ட மூன்றாவது பொருள் அதுதான்!

மறுபுறம் நிற்போரின் வாதத்தையும் உரசிப் பார்ப்போம். "இந்தக் காடு புனிதமானது; இது இறைவன் கட்டிய பேராலயம்" என்று பாடினர் சிலர். பகுத்தறிவாளர்க்கு இந்த வாதம் உதவாது. மரத்துக்குத் தெய்வத்தன்மை ஏற்றுபவர், நாளை ஒரு பூசாரியையும் ஏற்றுவார். பூசாரி ஓர் உண்டியலையும் ஏற்றுவார்! தவிர, புனிதம் என்ற சொல் ஆராய்ச்சியை நிறுத்திவிடுகிறது. புனிதமானதற்காக எவன் பட்டினி கிடந்தாலும் கேட்கக்கூடாது என்றாகிவிடும். 1966இல், கலிபோர்னியா ஆளுநர் பதவிக்கு நின்ற ரொனால்டு ரீகன், பார்ப்பதற்கு இன்னும் எத்தனை மரங்கள்தான் வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். புனிதம் பேசியவர்கள் அதைக் கேட்டுக் கொதித்தனர். கொதிப்பது விடையாகாது. கேள்விக்கு விடை வேண்டும்.

விடை இதோ: உலகிலே இழப்புகள் இருவகை. ஈடு செய்யக்கூடியவை ஒருவகை. ஈடு செய்ய இயலாதவை மற்றொரு வகை. கூலி இழந்தவனுக்குக் கூலி கொடுக்கலாம். நிலம் இழந்த நிறுவனத்துக்கு விலை கொடுக்கலாம். ஆயிரம் ஆண்டுக் காட்டை இழந்த நாட்டுக்கு எவர், எந்தக் கருவூலத்திலிருந்து, எதை எடுத்துக் கொடுப்பார்? பிறவாத பிள்ளைக்கு வாக்குச் சீட்டு இல்லை. அவன் மேடையேறி முழங்கமாட்டான். மீட்க முடியாத முடிவை எடுக்கும் தலைமுறை, தனக்குரிய தேர்வை மட்டுமன்று, பின்வரும் எல்லாத் தலைமுறைகளின் தேர்வையும் சேர்த்துத் தானே செய்துவிடுகிறது. காத்து வைத்தால், நாளை வருபவன் வேண்டாமென்று முடிவு செய்யலாம். வெட்டிவிட்டால், வேண்டுமென்று அவன் முடிவு செய்ய வழியே இல்லை. ஆகவே ஐயம் வரும்போது மீட்க முடியாததன் பக்கம் சாய்வது பக்தியன்று, கணக்கு.

ஆனால் தோழர்களே, இந்த வாதத்தின் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைப் பலர் வசதியாக மறந்துவிடுகின்றனர். கூலியிழப்பு ஈடு செய்யக்கூடியது என்பதால்தான் அதை இரண்டாவதாக வைக்கிறோம். ஈடு செய்யக்கூடியது என்று மேடையில் சொல்லிவிட்டு, ஈடு செய்யாமலே எழுந்து போய்விட்டால், அது வாதமன்று, வஞ்சகம்! மரம் காத்த பெருமையை எடுத்துக்கொள்பவன், மரம் வெட்டியவனின் சோற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அதைச் செய்தால் அவன் வாதம் நிற்கும். செய்யாவிட்டால் அடியோடு சாயும்.

1978 மார்ச் 27ஆம் நாள் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தை இந்த உரைகல்லில் உரசிப் பார்ப்போம். 48,000 ஏக்கர் பூங்காவோடு சேர்ந்தது. கையெழுத்திட்ட நாளிலேயே நிலம் அரசுடைமையாயிற்று. பேரம் பேசிக்கொண்டே மரத்தை வெட்டும் வழி அடைக்கப்பட்டது. அவ்வளவு நிலத்திலும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் முன்னரே வெட்டப்பட்ட மொட்டைக்காடு! வெட்டிய நிலத்தை எதற்குப் பூங்காவாக்கினர் என்று கேட்பீர். அங்கேதான் இருக்கிறது இச்சட்டத்தின் அறிவு. மரத்துக்காக மட்டும் மலை வாங்கப்படவில்லை. மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காக வாங்கப்பட்டது. அதற்கும் மேலே, ஓடை வரும் வழியில், 30,000 ஏக்கர் நிலம் பாதுகாப்பு வட்டமென வரையறுக்கப்பட்டது. காரணத்தைத் தேடிச் சென்று காரணத்தின் மீது கோடு கிழித்த எல்லை அது. காயப்பட்ட சரிவுகளை ஆற்ற 3 கோடியே 30 லட்சம் டாலர் ஒதுக்க வழி செய்யப்பட்டது. நாட்டின் எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்துமாறு, அவை எந்த நோக்கத்துக்காக அமைந்தனவோ அந்த நோக்கத்தைச் சிதைக்கும் வகையில் நிருவாகம் நடத்தலாகாது என்ற விதியும் இதே சட்டத்தில் எழுதப்பட்டது.

சோற்றுக்கு என்ன வழி? நிறுவனங்களுக்கு நிலத்தின் விலை தரப்பட்டது. அது பழைய வழக்கம். உடைமை உள்ளவனுக்கு உலகம் எப்போதும் மரியாதை செய்யும். புதிது எதுவென்றால், தொழிலாளிக்கும் தனி இயலே எழுதப்பட்டது இச்சட்டத்தில்! விரிவாக்கத்தால் வேலையிழந்த, தகுதிபெற்ற தொழிலாளர்க்கு, முன்பு ஈட்டிய கூலியை ஒட்டி, 1984வரை வாரந்தோறும் உதவித்தொகை. மருத்துவ, ஓய்வூதிய உரிமைகளுக்குப் பாதுகாப்பு. புதுத்தொழில் கற்க வாய்ப்பு. மலையை ஆற்றும் பணிகளில் முன்னுரிமை. பத்துக் கோடி டாலருக்கு மேல் தொழிலாளர் கைக்குச் சென்றது. நிலம் வைத்திருப்பவனுக்கு நிலம் உடைமை. உழைப்பவனுக்கு அவன் வேலையும் ஓர் உடைமையே என்று, முதலாளித்துவத்தின் தாயகத்தில், சட்டம் ஒப்புக்கொண்டது! பர்ட்டன் எந்தப் பாசறையிலிருந்து வந்தார் என்பதை நினைவூட்டினோமே, அதன் பயன் இங்கே தெரிகிறது. தொழிலாளியை அறியாத இயற்கைக் காவலர் மட்டுமே அந்தச் சட்டத்தை எழுதியிருந்தால், அந்த இயல் இருந்திருக்குமா என்பது ஐயமே.

குறையில்லையா? உண்டு; மறைக்கமாட்டோம். காசு கிடைத்தது, புதுத்தொழில் பலருக்கு வாய்க்கவில்லை. உதவித்தொகை நின்ற நாளில் பழைய ஆலை இல்லை. புதிய ஆலையும் எழவில்லை. ஓரிக் போன்ற சிற்றூர்கள் தேய்ந்தன. வருவார் என்று சொல்லப்பட்ட சுற்றுலாப் பயணிகளின் பணம், அறுவை ஆலை தந்த கூலிக்கு ஈடாகவில்லை. ஒருவன் தொழிலென்பது வெறும் கூலியன்று. அவன் திறமை, அவன் நிமிர்வு, அவன் ஊர். பணமுடிப்பைக் கையில் கொடுத்து, "போய் வா" என்பது பாதி ஈடுதான். சட்டம் மரத்துக்கு நூறாண்டுத் திட்டம் வகுத்தது. மனிதனுக்கு ஆறாண்டுத் திட்டமே வகுத்தது. வருங்காலத்தில் எந்த நாட்டில் எல்லை விரிந்தாலும், இந்தக் கணக்கை அங்குள்ளோர் திருத்தி எழுதவேண்டும்.

பெருங்குறை இன்னொன்று. "நிலம் யாருடையது?" என்று நிறுவனமும் அரசும் வாதாடினவே, அவ்விருவருக்கும் முன்னால் அங்கே வாழ்ந்தவர்கள் யூரோக் மக்கள். விழுந்த ரெட்வுட் மரத்தைப் பிளந்து வீடு கட்டியவர்கள். குடைந்து படகு செய்தவர்கள். 1851இல் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டனர் அரசின் ஆட்கள். கலிபோர்னியப் பழங்குடிகளோடு செய்த 18 உடன்படிக்கைகளையும் 1852இல் அமெரிக்க மேலவை ஏற்க மறுத்து, பூட்டிவைத்துவிட்டது. காட்டைப் பறித்தவன் வெட்டினான். வெட்டியவனிடமிருந்து வாங்கியவன் காத்தான். முதலில் இழந்தவனை எவரும் கேட்கவில்லை! அந்தக் கணக்கு மிகமெல்லத் திருத்தப்படுகிறது. ஓரிக் அருகே, ஆலை நின்ற 125 ஏக்கர் நிலத்தை யூரோக் மக்களுக்கே திருப்பித் தந்து, பூங்காவோடு இணைந்து அவர்களே நிருவகிக்க வழிசெய்யும் ஒப்பந்தம் 2024இல் கையெழுத்தாயிற்று. இது முடியாத செயலன்று என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1975இல் கிராண்ட் கேன்யன் பூங்காவைப் பெரிதாக்கிய அதே சட்டத்தில், ஹவசுபாய் மக்களுக்கு 1,85,000 ஏக்கர் நிலம் திரும்ப வழங்கப்பட்டது. காப்பதும் கொடுப்பதும் ஒரே ஏட்டில், ஒரே மையில் எழுதக்கூடியவையே. எழுத மனம் வேண்டும்.

இனி, 1978இல் விரிந்த எல்லைக்குள் என்ன நடந்தது? மலையெங்கும் கிடந்த மரவண்டிச் சாலைகளை அகற்றத் தொடங்கினர். மண்தள்ளும் எந்திரம் அதே எந்திரம். முன்பு வெட்டியதை இப்போது மூடிற்று. ஓடைகளின் பழைய போக்கு திறக்கப்பட்டது; சரிவுகளில் காடு மீண்டும் தலைதூக்கிற்று. அந்தக் கையால் காடு அழியும் என்றிருந்தது விதியன்று. அந்தக் கைக்கு எந்த வேலையைச் சமுதாயம் தருகிறது என்பதே கேள்வி.

2006ஆம் ஆண்டில் இன்னொன்றும் தெரியவந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் இருவர் ஒரு மரத்தைக் கண்டனர், அளந்தனர், 115 மீட்டருக்கு மேல்! உலகில் அளக்கப்பட்ட மரங்களிலெல்லாம் உயர்ந்தது. ஹைப்பீரியன் என்று பெயரிட்டனர். அது நின்ற இடம் எது? 1968இல் வெளியே விடப்பட்டு, 1978இல் சேர்க்கப்பட்ட நிலம். இத்தகைய மரம் அங்கே இருக்கிறது என்பதை விரிவாக்கத்துக்கு வாதாடியவரும் அறியார், எதிர்த்தவரும் அறியார். "பார்ப்பதற்கு எத்தனை மரம் வேண்டும்?" என்ற கேள்விக்கு விடை: எது இருக்கிறதென்றே நமக்கு முழுதும் தெரியாதபோது, போதும் என்று சொல்ல நமக்குத் தகுதியில்லை.

ஆகவே, மரமா சோறா என்று எவரேனும் கேட்டால், இளைஞர்களே, இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். நின்று, திருப்பிக் கேளுங்கள். கோடு எங்கே கிழிக்கப்படுகிறது? காரணத்தின் மீதா, கண்ணுக்கு அழகான விளைவின் மீதா? விலையைக் கொடுப்பவர் யார்? பயனடையும் நாடு முழுவதுமா, அல்லது அந்த மலையடியில் வாழும் ஏழை மட்டுமா? கேட்கப்படாதவர் எவர்? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை சொல்லும் சட்டம், மரத்தையும் காக்கும், சோற்றையும் காக்கும். சொல்லாத சட்டம், இன்று மரத்தைக் காத்தாலும் நாளை காக்காது. ஏனெனில் பசித்தவன் வெறுக்கும் வேலியை எந்தக் காவலனாலும் நெடுநாள் காத்திட இயலாது.

சட்டத்தை எழுதுவோர் மனிதர். எழுதியதை அழிக்கக்கூடியவரும் மனிதரே. 2,000 ஆண்டு நின்ற மரத்துக்கு ஒரு வாக்கெடுப்பு அரணாகாது. அண்டை மரத்தின் வேரைப் பற்றிக்கொண்டுதான் அந்த மரம் நிற்கிறது. அதைக் காக்கும் சட்டமும், அங்கே உழைப்பவனின் நம்பிக்கையைப் பற்றிக்கொண்டால்தான் நிற்கும்.